கள்ளி நாற்று அடி அழுகிச் சாய்கிறது, வெட்டி நட்ட துண்டும் அழுகுகிறது: வேலூர் சூட்டுக்கு என்ன முறை?

சத்துவாச்சாரி மாடி:

வணக்கம். மம்மில்லேரியா, ஜிம்னோகலிசியம் என்ற உருண்டைக் கள்ளி விதைகளை ஐப்பசியில் மூடி போட்ட டப்பாவில் விதைத்தேன். முளைப்பு நன்றாகவே இருந்தது. கடுகு அளவுக்குப் பச்சையாக உருண்டு வந்தவை இரண்டாவது வாரத்திலிருந்து அடிப்பக்கம் நீர் கோத்த மாதிரி ஆகி, ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. மேல்மண்ணில் பாசியும் படர்கிறது. செம்மண், எம்-சாண்ட், மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. போர் தண்ணீர், மேலிருந்து ஸ்பிரே. கார்பென்டசிம் பூஞ்சைமருந்தை லிட்டருக்கு 1 கிராம் தெளித்தும் நிற்கவில்லை.

கூடவே இரண்டு சந்தேகம். செரியஸ் (தூண் மாதிரி உயரும் கள்ளி) துண்டை வெட்டி எத்தனை நாள் காயவைத்து நட வேண்டும்? கடையில் கிடைக்கும் சிவப்பு உருண்டை ஒட்டுக் கள்ளியில் அடித்தண்டு அழுக ஆரம்பித்துவிட்டது. உருண்டையை மட்டும் வெட்டி நட்டால் வேர் விடுமா?

ஆற்காடு கள்ளித்தொட்டி:

இது நாற்றழுகல். கள்ளி நாற்றில் இதைப் பெரும்பாலும் கொண்டுவருவது பித்தியம், ரைசோக்டோனியா, ஃபியூசேரியம் என்ற மண் நோய்க்கிருமிகள். இதில் பித்தியத்தின் மேல் கார்பென்டசிம் வேலை செய்யாது, அதனால்தான் தெளித்தும் நிற்கவில்லை. கேப்டான் என்ற பூஞ்சைமருந்தின் 50 சதத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, டப்பாவை அதில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சாய்ந்த நாற்றை மட்டும் பிடுங்கினால் போதாது, அதைச் சுற்றி ஒரு விரற்கடை அளவுக்கு மண்ணையும் ஸ்பூனால் தோண்டி எடுத்துவிட வேண்டும்.

ஆனால் மருந்து பரவலைத்தான் தடுக்கும். கோளாறு கலவையில் இருக்கிறது. விதைக் கலவையில் மண்புழு உரமும் செம்மண்ணும் வேண்டவே வேண்டாம். முதல் சில மாதங்களுக்கு நாற்றுக்கு உரத் தேவை மிகக் குறைவு. உரம் போட்ட மூடிய டப்பா பூஞ்சைக்கும் பாசிக்கும்தான் விருந்து. செம்மண்ணின் களி நீரைப் பிடித்துக்கொண்டு காற்றை அடைத்துவிடும்.

எம்-சாண்டை அப்படியே போடக் கூடாது. அதிலுள்ள கல்மாவு நனைந்தால் சிமெண்ட் பூச்சு மாதிரி இறுகும். முதலில் மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழுவதை ஒதுக்குங்கள். மேலே நிற்பதை, அலசும் தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். அதில் 2 பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 1 பங்கு. கோகோபீட்டில் உப்பு இருக்கும், மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்கணும். பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் குருணை கிடைத்தால் மணலில் பாதிக்குப் பதில் அதைப் போடலாம், கட்டாயமில்லை.

கலவையை ஈரப்பதமாக்கி, சமையலுக்கு எடுக்காத பழைய இட்லிக் குண்டானில் ஆவி வந்தபின் 30 நிமிடம் வேகவைத்து, மூடியபடியே ஆறவிடுங்கள். டப்பாவுக்கு அடியில் ஐந்தாறு துளை, உள்ளே 5 செ.மீ. உயரத்துக்குக் கலவை, அதன்மேல் 2–3 மி.மீ. கனத்துக்குக் கழுவிய பொடிக்கல். அதன்மேல் விதையைத் தூவி விரலால் லேசாக அழுத்தினால் போதும். மண் போட்டு மூட வேண்டாம். பெரும்பாலான கள்ளி விதைக்கு முளைக்க வெளிச்சம் வேணும். அந்தப் பொடிக்கல் அடுக்கு நாற்றின் கழுத்தை உலர்வாக வைக்கும், பாசியையும் குறைக்கும்.

இங்கே பலர் தடுமாறுகிற விஷயம் ஒன்று. கள்ளி என்றதும் காய்ந்த மண்ணும் வெயிலும் என்று நினைத்துவிடுகிறோம். வளர்ந்த செடிக்குத்தான் அது. பாலைவனத்தில்கூடப் பல கள்ளிகளின் குஞ்சுகள் புதர் நிழலில்தான் பிழைக்கின்றன. முதல் 4–6 வாரம் ஈரம் குறையவே கூடாது, நேர் வெயிலும் படக் கூடாது. மூடிய டப்பாவை மாடி வெயிலில் அரை மணி நேரம் வைத்தாலே உள்ளே நாற்று வெந்துவிடும். கிழக்கு ஜன்னலுக்கு உள்பக்கம், அல்லது 9 வாட் வெள்ளை எல்இடிக்குக் கீழே 20 செ.மீ. தள்ளி, தினம் 12 மணி நேரம். நாற்று செம்பு நிறமானால் வெளிச்சம் அதிகம். நெட்டையாக, வெளிறிப்போனால் குறைவு.

முள் தெரிய ஆரம்பித்த பிறகு மூடியில் ஒரு துளை, அடுத்த வாரம் இன்னும் இரண்டு என்று பழக்குங்கள். திடீரென்று திறந்தால் வேலூர்க் காற்றில் ஒரே நாளில் சுருங்கிவிடும். பட்டாணி அளவு வரும்வரை பிரித்து நட அவசரப்பட வேண்டாம், நெருக்கமாக இருந்தால் நன்றாகவே வளரும்.

விதைக்க நல்ல பருவம் பொங்கலுக்குப் பிறகு, மாசி பாதிவரை. மழை ஈரம் போயிருக்கும், சூடும் 25–30 டிகிரியில் நிற்கும்.

காட்பாடி முள்:

துண்டு பற்றி நான் சொல்கிறேன். விதைக்குச் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்யணும்.

பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, செரியஸில் 15–20 செ.மீ. துண்டாக வெட்டுங்கள். வெட்டுமுகத்தைப் பாருங்க: சதைக்கு நடுவில் வெளிறிய வளையம் ஒன்று தெரியும். வேர் அங்கிருந்துதான் வரும். காயும்போது சதை சுருங்கும், தோல் சுருங்காது. அதனால் நடுப்பகுதி குழிந்து மேலே போய், வேர் மண்ணைத் தொடாமல் நிற்கும். இதைத் தவிர்க்க, வெட்டியதும் சுற்று ஓரத்தைப் பென்சில் சீவுவதுபோல 1 செ.மீ. சாய்வாகச் சீவிவிடுங்கள்.

பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில், காலி டம்ளருக்குள் நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்தால் நுனி வெளிச்சத்தைப் பார்த்து வளையும், பக்கவாட்டிலும் வேர் விடும். செரியஸ் தடிமனுக்கு வெயில் காலத்தில் 7–10 நாள், மழை நாளில் இரண்டு வாரத்துக்கு மேல். நாளை எண்ணுவதைவிட விரலால் தொட்டுப் பார்ப்பது நல்லது, வெட்டுமுகம் தோல்போல இறுகி, அழுத்தினால் ஈரம் ஒட்டாமல் இருக்கணும். சப்பாத்திக்கள்ளி மடலுக்கு ஒரு வாரம், மம்மில்லேரியா குட்டிக்கு 3–4 நாள் போதும். தேனோ கற்றாழைச் சாறோ தடவச் சொல்வார்கள், வேண்டாம். உலர வேண்டிய இடத்தை அது ஈரமாக்கும்.

நடும்போது 2–3 செ.மீ. ஆழம்தான். ஆழமாகப் புதைத்தால் அழுகும். ஆடாமல் இருக்கக் குச்சி கட்டுங்கள், ஆடினால் புது வேர் அறுந்துபோகும். முதல் 10 நாள் தண்ணீர் வேண்டாம். பிறகு மெதுவாக இழுத்துப் பார்த்து, பிடிமானம் தெரிந்தால் முழுசாக ஊற்றி, நன்றாகக் காயவிட்டு அடுத்தது.

சதுரக்கள்ளி, திருகுகள்ளி வகை வெட்டினால் பால் வரும். வெட்டிய முனையைத் தண்ணீரில் முக்கினால் நிற்கும். கண்ணில் படாமல் பார்த்துக்கோங்க, பார்வையையே பாதிக்கும்.

சிவப்பு உருண்டை: வேர் விட்டாலும் பிழைக்காது. அது பச்சையமே இல்லாத ஜிம்னோகலிசியம், தானாக உணவு தயாரிக்க முடியாது. கீழே இருக்கும் முக்கோணத் தண்டு டிராகன் பழக் கொடி, அதுதான் சோறு போடுகிறது. அழுகல் ஒட்டு வரைக்கும் ஏறவில்லை என்றால், உருண்டையைச் சுத்தமாக வெட்டி, புது டிராகன் தண்டின் வெட்டுமுகத்தில் வளையமும் வளையமும் தொடும்படி உட்காரவைத்து, ரப்பர் பேண்டால் இரண்டு வாரம் அழுத்திக் கட்டுங்கள். வெட்டி ஈரம் காய்வதற்குள் ஒட்டணும். உருண்டையின் உள்ளே பழுப்புப் புள்ளி தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

ஜவ்வாது அடிவாரம்:

ஆற்காடு நண்பர் சொன்ன பருவத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. மாசியில் விதைத்தால் அக்னி நட்சத்திரம் வரும்போது நாற்றுக்கு மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. அறைக்குள்ளேயே 36–38 டிகிரி போகும். ஆவணியில் விதைத்தால் அடுத்த கோடைக்குள் எட்டு மாதச் செடி கையில் இருக்கும். அடைமழை மாதங்களில் எப்படியும் டப்பா வீட்டுக்குள்தானே. எல்இடி இல்லாமல் ஜன்னலை மட்டும் நம்புகிறவர்களுக்கு வேண்டுமானால் தை சரி.

அடீனியத்துக்கு (பாலைவன ரோஜா) இதெல்லாம் பொருந்தாது. வேலூர் சூடு அதற்கு ரொம்பப் பிடிக்கும், பங்குனியிலும் முளைக்கும். ஜோடிக் கொம்பு மாதிரி வரும் காயை, வெடிக்கும் முன்னே வலைத்துணியில் கட்டிவிடணும், இல்லாவிட்டால் விதை பறந்துவிடும். புது விதையைப் படுக்கவைத்து அரை செ.மீ. மண் தூவினால் ஒரு வாரத்தில் முளைக்கும். முளைத்ததும் மூடியை எடுத்துவிடுங்கள்.

எச்செவேரியா என்ற ரோஜா அடுக்குச் சதைச்செடியின் இலையிலிருந்து குட்டி எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இலையைப் பக்கவாட்டில் ஆட்டி, காம்படி முழுசாக வரும்படி கழற்றணும், அடி கிழிந்த இலை குட்டி விடாது. ஆனால் ஊட்டி, பெங்களூரிலிருந்து வரும் ரோஜா அடுக்குச் செடிகள் இங்கே கோடையில் கரைந்துபோகின்றன. இவை இரவில்தான் இலைத்துளையைத் திறந்து மூச்சு வாங்கும், அதற்குக் குளிர்ந்த இரவு வேணும். மே மாதம் நம் கான்கிரீட் மாடி விடியும்வரை அனல் விடுகிறது. அதற்குப் பதில் கிராப்டோபெட்டலம், ஹாவொர்த்தியா என்ற சதைச்செடிகளை வையுங்கள். ஹாவொர்த்தியா நிழலில் இருக்கட்டும்.

சத்துவாச்சாரி மாடி:

மூவருக்கும் நன்றி. கேப்டான் வாங்கிவிட்டேன். போர் தண்ணீரில் தொட்டி ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிகிறது. ஆர்ஓ மெஷினில் வெளியேறும் தண்ணீரை ஊற்றலாமா?

ஆற்காடு கள்ளித்தொட்டி:

வேண்டவே வேண்டாம். போர் தண்ணீரில் இருக்கும் உப்பு அந்தக் கழிவுநீரில் இன்னும் செறிந்திருக்கும். நாற்றுக்கு மழைநீர் முதல் தரம். இரண்டு பழைய தண்ணீர் கேன் நிறையப் பிடித்து மூடி, இருட்டில் வைத்தால் டப்பா நாற்றுக்கு மாதக்கணக்கில் வரும். அது இல்லாவிட்டால் ஏசியில் சொட்டும் தண்ணீர், இல்லை ஆர்ஓவில் குடிக்க எடுக்கும் தண்ணீர். பெரிய தொட்டிகளுக்குப் போர் தண்ணீரே ஊற்றலாம், ஆனால் துளை வழியாக வெளியே ஓடும் அளவுக்கு ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். ஏற்கெனவே படிந்த வெள்ளையை மேல்மண்ணோடு 1 செ.மீ. சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கல் போடுங்கள்.