வலிக்காமலேயே போன இம்ப்ளான்ட் பல்

ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை, கும்பகோணம்

போன ஆவணியில் என் வலது கீழ்த்தாடையிலிருந்து இம்ப்ளான்ட் திருகை, அதாவது பல் போன இடத்தில் எலும்புக்குள் பதிக்கும் செயற்கை வேரை, கழற்றி, ஒரு துண்டுப் பஞ்சின் மேல் வைத்து டாக்டர் என் கையில் கொடுத்தார். மொத்தமே 10 மில்லிமீட்டர் நீளம். அடிப்பாதி புதிது போல மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. மேல்பாதியில் மரைகளின் இடுக்கெல்லாம் கறுப்பாகக் காரை இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. இவ்வளவும் என் வாய்க்குள் சேர்ந்துகொண்டிருந்தபோது எனக்கு ஒரு நாள்கூட வலிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2019-இல் வேர் சிகிச்சை செய்திருந்த கடைவாய்ப்பல் இரண்டாகப் பிளந்துவிட்டது. பிடுங்கிய இடத்தில் 35,000 ரூபாய் செலவில் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன். அறிவியல் பாடம் நடத்தியவள் என்பதால் அப்போதே தேடிப் படித்தேன். ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் பிரானெமார்க் 1950-களில் முயலின் கால் எலும்பில் டைட்டேனியக் கூடு ஒன்றைப் பொருத்தி ஆராய்ந்தாராம். ஆய்வு முடிந்து எடுக்கப் போனால் உலோகமும் எலும்பும் பிரிக்க முடியாதபடி ஒன்றிவிட்டிருந்தன. அந்தக் கண்டுபிடிப்பை வைத்து 1965-இல் யோஸ்தா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக இம்ப்ளான்ட் வைத்தார். லார்சன் 2006-இல் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேல் அது அவருக்கு உழைத்தது. படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. இனி இந்தப் பல்லைப் பற்றி ஆயுசுக்கும் நினைக்க வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டேன். திருகின் மேல் கேப் (செயற்கைப் பல்) மாட்டிய அன்று மருத்துவமனையிலும் "இனிக் கவலை இல்லை" என்றுதான் அனுப்பினார்கள். சொத்தை விழாது என்பதைச் சொன்னார்கள். ஈறு நோய் வரும் என்பதை யாரும் சொல்லவில்லை.

2022 வாக்கில், பல் துலக்கித் துப்பும் நுரை வலது பக்கத்தில் மட்டும் லேசாகச் சிவந்து வந்தது. பிரஷ் முரடாக இருக்கிறது என்று மாற்றினேன். சில மாதம் கழித்து, காலையில் எழுந்தால் பழைய செப்புக் காசை நாக்கில் வைத்தது போல ஒரு ருசி. என் கணவர் ஒருநாள் தயங்கித் தயங்கி, "வாயில் ஒரு வாடை வருகிறது, காட்டிக்கொண்டு வாயேன்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உப்புத் தண்ணீர், நல்லெண்ணெய், கிராம்புத் தைலம் எல்லாம் ஆனது. கேப்புக்குக் கீழே ஈறு கொஞ்சம் இறங்கி ஒரு சாம்பல் கோடு தெரிந்தது. வலிதான் இல்லையே, வயதானால் ஈறு இறங்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

முறுக்கைக் கடித்தபோது பல் ஆடிய பிறகுதான் போனேன், அதுவும் வேறு டாக்டரிடம். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் திருகுக்கும் நடுவே விட்டார். அது 9 மில்லிமீட்டர் உள்ளே போனது. எடுத்ததும் பின்னாலேயே சீழும் ரத்தமும் வந்தன. எக்ஸ்-ரேயில் திருகைச் சுற்றிலும் எலும்பு கிண்ணம் போலக் குழிந்து கறுப்பாகத் தெரிந்தது.

"ஏன் டாக்டர் வலிக்கவே இல்லை?" என்று கேட்டேன். நம் சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய தசைநார் இருக்கிறது. அதில் நரம்பு ஓடுகிறது. அரிசியில் ஒரு கல் அகப்பட்டால் சட்டென்று தெரிவது அதனால்தான். இம்ப்ளான்ட் நேரே எலும்பைப் பற்றியிருக்கிறது, நடுவில் அந்த நார் கிடையாது. ஈறும் சொந்தப் பல்லின் வேரில் இழை இழையாகக் கோத்துக்கொண்டிருக்கும். இம்ப்ளான்ட்டைச் சுற்றி வெறும் காலர் போலத்தான் தழுவி நிற்கிறது. கிருமி ஒரு முறை உள்ளே இறங்கினால் தடுக்க ஆள் இல்லை. ஒரு காகிதத்தில் படம் போட்டு இதைச் சொன்னார். 33 ஆண்டு படம் போட்டுப் பாடம் நடத்திய எனக்கு, என் வாய்க்குள் இருப்பதை 60 வயதில் ஒருவர் வரைந்து காட்ட வேண்டியிருந்தது.

காரணம் கேட்டபோது மூன்று சொன்னார். எனக்கு முன்பே ஈறு நோய் இருந்தது. அது இருந்தவர்களுக்கு இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் வரும் வாய்ப்பு அதிகம். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 9.2 இருந்தது. பல் சுத்தம் செய்ய 2019-இல் இரண்டு முறை போனதோடு சரி. அடுத்த ஆண்டு கொரோனா வந்தது, அப்புறம் மறந்தே போனேன்.

ஆடத் தொடங்கிய இம்ப்ளான்ட்டைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். கழற்ற 10 நிமிடம்கூட ஆகவில்லை.

பனியன் கம்பெனி மேற்பார்வையாளர், திருப்பூர்

டீச்சர், உங்களுக்கு நான்காம் ஆண்டில் நடந்தது எனக்கு இரண்டாவது மாதமே நடந்துவிட்டது. மேல்தாடையில் முன்கடைவாய்ப்பல் இருந்த இடம். திருகை வைத்து ஈறைத் தைத்து, நான்கு மாதம் கழித்துக் கேப் மாட்டலாம் என்றார்கள். நடுவில் ஒருமுறை காட்டச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் மேலே இருந்த சின்ன மூடியைத் திருகினார். மூடியோடு இம்ப்ளான்ட்டும் சேர்ந்து சுழன்றது. எனக்கு எதுவும் தெரியவில்லை. டாக்டரின் கை அப்படியே நின்றதைப் பார்த்துத்தான் ஏதோ தவறு என்று புரிந்தது.

நான் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பவன். முதலிலேயே கேட்டார்கள், "எப்போதாவது" என்று சொல்லி வைத்தேன். தையல் போட்ட அன்று மாலையே ஷிஃப்ட் முடிந்து ஒன்று பற்றவைத்தேன். நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும், ரத்தம் போகாத இடத்தில் எலும்பு வளராது, அந்த இடத்தில் வெறும் நார்த்திசுதான் வளரும், திருகைப் பிடித்துக்கொள்ளாது என்று டாக்டர் விளக்கினார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

குழியைச் சுத்தம் செய்து, எலும்புத் துகள் வைத்து மூடினார்கள். ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த ஆறு மாதமும் சிகரெட்டைத் தொடவில்லை. இரண்டாவது முறை சற்றுத் தடிமனான திருகு வைத்தார்கள். இப்போது இரண்டு ஆண்டு ஆகிறது, உறுதியாக நிற்கிறது. சிகரெட், பீடி, பாக்கு, ஹான்ஸ் எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். நான் மறைத்ததற்குக் கொடுத்த விலை 28,000 ரூபாயும் ஓர் ஆண்டும்.

பல் மருத்துவமனை உதவியாளர், மதுரை

பதினோரு ஆண்டுகளாக டாக்டரின் பக்கத்தில் நிற்கிறேன். இரண்டு பேர் சொன்னதையும் நாற்காலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சில விஷயங்களைச் சேர்க்க வேண்டும்.

முதலில், ஆடுகிறது என்றவுடன் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பல நேரம் ஆடுவது மேலே இருக்கும் கேப்பும் அதைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்குரூவும்தான்; எலும்புக்குள் இருக்கும் திருகு அசையாமல் இருக்கும். ஸ்குரூவை இறுக்கினாலோ மாற்றினாலோ சரியாகிவிடும். போன மாதம் ஒரு பெரியவர் அழுதுகொண்டே வந்தார், 20 நிமிடத்தில் சிரித்துக்கொண்டு போனார். ஆனால் ஆடும் கேப்போடு மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் உள்ளே ஸ்குரூ முறிந்துவிடும். அதை எடுப்பது பெரும்பாடு.

ஈறு மட்டும் சிவந்து, தொட்டால் ரத்தம் வரும் நிலையில் வந்தால் நன்றாகச் சுத்தம் செய்தே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். டீச்சரின் நுரை சிவந்த நாட்கள் அநேகமாக அந்தக் கட்டமாகத்தான் இருந்திருக்கும். எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் ஈறைத் திறந்து, திருகின் மரைகளைச் சுத்தம் செய்து, குழியின் வடிவம் ஒத்துவந்தால் எலும்புத் துகள் நிரப்புவார்கள். சிலருக்கு நிற்கிறது, சிலருக்கு மறுபடியும் வருகிறது. வெறும் ஆன்டிபயாடிக் மாத்திரையால் இது ஆறாது. கடையில் தானே வாங்கி விழுங்கிவிட்டு, வீக்கம் வடிந்தது என்று ஆறு மாதம் கழித்து வருபவர்களைப் பார்க்கும்போது மனது கஷ்டமாக இருக்கிறது.

எல்லாம் நோயாளியின் தவறும் அல்ல. எலும்பைத் துளைக்கும்போது சூடு 47 டிகிரியைத் தாண்டி ஒரு நிமிடம் நின்றாலே அந்த எலும்பு பாதிக்கப்படும். அதற்காகத்தான் துளைக்கும்போது சலைன் தண்ணீரை விடாமல் பீய்ச்சுகிறோம். கேப் ஒட்டும் சிமென்ட் ஈறுக்குக் கீழே பிதுங்கி, துடைக்காமல் விடப்பட்டால் அதுவே சீழுக்கு வழி. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குப் பாரம் தாங்காமல் போவதும் உண்டு. அவர்களுக்கு இரவில் மாட்டிக்கொள்ளும் பல் உறை செய்து தருவார்கள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து செய்யுங்கள். இம்ப்ளான்ட் வைத்த அன்று அதன் பெட்டியில் கம்பெனி, அளவு, லாட் எண் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி ரேஷன் கார்டு, ஆதாரோடு பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் திருகும் கருவி வேறு. ஊர் மாறி வருகிறவர்களுக்கு வெறும் ஸ்குரூவை இறுக்குவதற்கே, எந்த கம்பெனி என்று எக்ஸ்-ரேயைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருக்கிறோம்.

அம்மாவுக்காக எழுதும் மகன், திருநெல்வேலி

என் அம்மாவுக்கு 71 வயது. எலும்பு மெலிவுக்காக ஆண்டுக்கு ஒரு முறை சோலெட்ரானிக் அமிலம் என்ற மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பல் மருத்துவமனைப் படிவத்தில் "தினமும் சாப்பிடும் மருந்துகள்" என்று இருந்தது. நான்தான் நிரப்பினேன். ரத்த அழுத்த மாத்திரையை எழுதினேன். ஆண்டுக்கு ஒரு முறை போடுவது என் நினைவுக்கே வரவில்லை, அது தினமும் சாப்பிடும் மருந்தும் இல்லையே.

இம்ப்ளான்ட் வைத்த இடம் ஆறவில்லை. மூன்று மாதம் கழித்தும் ஈறு மூடாமல், உள்ளே மஞ்சளாக எலும்பு தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தது நான். இந்த வகை மருந்துகள் எலும்பு கரைவதைத் தடுக்கும். கூடவே, தாடை எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதையும் மந்தமாக்கிவிடும். எலும்பு மெலிவுக்குப் போடும் அளவில் இப்படி ஆவது அபூர்வம், புற்றுநோய்க்காக அடிக்கடி போடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்றார் முக அறுவை சிகிச்சை நிபுணர். அபூர்வம் எங்கள் வீட்டில் நடந்துவிட்டது.

திருகையும் இறந்துபோன எலும்பில் ஒரு துண்டையும் எடுத்தார்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு, ஆன்டிபயாடிக் என்று பல வாரங்கள். அம்மா அந்த நாட்கள் முழுவதும் குழையக் கரைத்த ரசம் சாதமும் கஞ்சியும்தான். இப்போது ஈறு மூடிவிட்டது. இன்னொரு இம்ப்ளான்ட் வேண்டாம் என்று கழற்றி மாட்டும் பல்செட் போட்டுக்கொண்டார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போகும்போது ஊசி, டிரிப் எல்லாவற்றையும் சொல்லுங்கள். தாடைப் பக்கம் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அதற்காக எலும்பு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டு டாக்டர்களையும் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஒரு தொலைபேசி அழைப்பை நான் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

கணக்காளர், சிங்கப்பூர்

எனக்கு நடந்தது வேறு, சுருக்கமாகச் சொல்கிறேன். கீழ்த்தாடையில் இம்ப்ளான்ட் வைத்த மறுநாள் காலையிலும் கீழுதட்டின் இடது பாதி மரத்தே கிடந்தது. ஊசியின் மருந்து அவ்வளவு நேரம் நிற்காது. உடனே போனேன். ஸ்கேனில் திருகின் நுனி நரம்புக் கால்வாயைத் தொட்டுக்கொண்டிருந்தது, அன்றே எடுத்துவிட்டார்கள். உணர்வு முழுதாகத் திரும்ப ஐந்து மாதம் ஆனது. அதுவரை காபி குடித்தால் உதட்டோரம் வழிவதே தெரியாது, என் மகள் துடைத்துவிடுவாள். மறுநாளும் மரத்திருந்தால் ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

கும்பகோணம் ஆசிரியை, மீண்டும்

எல்லோரும் எழுதியதை என் கணவருக்கும் படித்துக் காட்டினேன். மதுரைத் தங்கை சொன்ன ஸ்டிக்கரை என் பழைய கோப்பில் தேடினேன், இல்லை. தம்பி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். படிவத்தில் விட்டுப்போனதை நினைத்து நீங்கள் வருந்திக்கொண்டே இருக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை போடும் ஊசி உண்டா என்று கேட்பது கேட்கிறவர்களின் கடமையும்கூட.

குழியில் எலும்புத் துகள் வைத்து மூடி நான்கு மாதம் ஆகிறது. சர்க்கரைச் சராசரி 7.1-க்கு இறங்கியிருக்கிறது. மறுபடி இம்ப்ளான்ட் வைக்கலாம், ஆனால் இரண்டாவது முறை வைப்பது முதல் முறை அளவுக்கு உறுதியாக நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இரு பக்கப் பற்களிலும் ஏற்கெனவே கேப் இருப்பதால் அவற்றைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ் பல் போட்டுக்கொள்ள முடிவு செய்துவிட்டேன்.

இடது பக்கத்தில் எனக்கு இன்னொரு இம்ப்ளான்ட் இருக்கிறது, 2020 தொடக்கத்தில் வைத்தது. ஒவ்வொரு இரவும் குட்டி பிரஷை அதன் இரு பக்கமும் விட்டு எடுத்து, வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் ஒரு வாரம் துணியில் சிவப்பு பட்டது. மறுநாளே போய்ச் சுத்தம் செய்துகொண்டேன். இப்போது இரண்டு மாதமாகத் துணி வெள்ளையாகவே இருக்கிறது. அடுத்த முறை காட்ட வேண்டியது பங்குனியில். நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.