புதுப்பிப்பு: ‘எத்தனை அதிகம்?’ ஒருவழியாகப் பிடிபட்டது

போன மாதம் நான் கேட்டது இதுதான்: என் 6 வயது மகள் பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்து எண்ணிவிடுகிறாள். சிவப்பு 7, நீலம் 4, சிவப்புதான் அதிகம் என்றும் சொல்கிறாள். ‘எத்தனை அதிகம்?’ என்றால் மட்டும் ‘ஏழு’ என்கிறாள்.

கழித்தலுக்குப் போகாமல் ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள் என்று சிலர் சொன்னீர்கள். செய்தேன். ஒவ்வொரு நீலத்துக்கும் எதிரே ஒரு சிவப்பு வைத்தாள். ஜோடி இல்லாமல் நின்றவை 3. “ஓ, இதைத்தான் கேட்டியாம்மா!” என்றாள். குழப்பியது என் கேள்விதான் போல.

அப்புறம் ஒரு புதுச் சிக்கல். பெரிய பச்சைப் பொத்தான் 5, குட்டி மஞ்சள் 6. பச்சை வரிசை நீளமாக இருந்ததால் பச்சைதான் அதிகம் என்று அடித்துச் சொன்னாள். இந்த வயதில் நீளத்தைப் பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்வது சகஜம்தான். கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு பொத்தான், எல்லா வரிசைக்கும் ஒரே தொடக்கக் கோடு என்று மாற்றினேன். சரியாகிவிட்டது.

இப்போது பொத்தானை விட்டுவிட்டுக் கட்டங்களுக்கு வண்ணம் தீட்டுகிறாள். ‘மொத்தம் எத்தனை?’ என்றால் இன்னமும் நீளமான வரிசையை மட்டும்தான் எண்ணுகிறாள். அது அடுத்த வாரப் பாடு.