சார்ட் போட்டால் போதுமாம்!

அல்சூர் பெர்ல்காரன்:
"டெக்ஸ்ட் ஃபைலில் டூப்ளிகேட் வரி பிடிக்கப் பெர்ல் மொழியில் புரோகிராம் எதற்கு? வரிகளை அடுக்கும் சார்ட், அடுத்தடுத்து வரும் ஒரே வரிகளை நீக்கும் யூனிக், இந்த இரண்டு கமாண்டும் போதும்" என்று மடிவாளா மணி நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சார்ட் செய்தால் வரிசை போச்சு! பில்லிங் ஃபைலில் எந்த ரெக்கார்ட் முதலில் வந்தது என்பதுதானே முக்கியம்? பெர்லில் ஒரே ஒரு ஹாஷ் (கீயையும் அதற்கான மதிப்பையும் ஜோடியாக வைக்கும் பட்டியல்) போதும். வரியையே கீயாக வைத்து எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால், இரண்டாம் முறை வரும்போதே சிக்கிவிடும். வரிசையும் கலையாது.

மடிவாளா மணி:
அண்ணே, வேறுபட்ட வரி அத்தனையும் உங்கள் ஹாஷில் உட்கார்ந்திருக்கும். 40 ஜிபி லாக் ஃபைலைக் கொடுங்கள், சில்க் போர்டு சிக்னலில் வண்டி நிற்கிற மாதிரி சர்வர் நிற்கும். சார்ட் தற்காலிக ஃபைல்களாகப் பிரித்து எழுதிச் சமாளிக்கும்.

அல்சூர் பெர்ல்காரன்:
மெமரியை யார் கேட்டது? வரிசை போகுமா, போகாதா? மெமரி போதாவிட்டால் வரிக்குப் பதில் அதன் எம்டி5-ஐ, அதாவது வரியிலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறியீட்டை, கீயாக வையுங்கள். வரி எவ்வளவு நீளமானாலும் கீ 16 பைட்தான்.

சிவாஜிநகர் செல்வி:
ஒரு சந்தேகம். முழு வரியும் ஒன்றாக இருந்தால்தான் டூப்ளிகேட்டா, கஸ்டமர் எண் மட்டும் ஒன்றாக இருந்தாலுமா?

மடிவாளா மணி:
அது அப்புறம். உங்கள் ஹாஷ் மட்டும் வரிசை காக்குமா அண்ணே? கீஸ் போட்டு அதன் கீக்களின் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். பெர்ல் 5.18-லிருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரிசை வரும்.

அல்சூர் பெர்ல்காரன்:
கீஸ் யார் கேட்டது தம்பி? படிக்கும்போதே அச்சிடுகிறேன், ஃபைலின் வரிசை அப்படியே வரும். போன மாதம் ரெகெக்ஸ் (எழுத்துகளைத் தேடும் வடிவம்) விஷயத்திலும் இப்படித்தான் படிக்காமலே பதில் போட்டீர்கள்.

மடிவாளா மணி:
அந்த ரெகெக்ஸ் சரிதான். இன்றைக்கும் ஓடுகிறது.

ஒயிட்ஃபீல்ட் வாசி:
இன்னுமா பெர்ல்? பைதான் மொழியில், ஒரே மதிப்பை இருமுறை வைக்காத செட் போட்டால் ஒரே வரி கோட் போதும்.

அல்சூர் பெர்ல்காரன்:
அந்தச் செட்டும் வரிசையைக் காக்காது! லாரி வால் 1987-ல் வெளியிட்ட பெர்ல் மொழி இன்றைக்கும் ராத்திரி தானாக ஓடும் பேட்ச் வேலைகளைத் தாங்குகிறது. அதை எழுதிப் பிழைத்தவன் நான்.

ஒயிட்ஃபீல்ட் வாசி:
உங்கள் ஹாஷ் மாதிரியான டிக்ட் காக்கும், பைதான் 3.7-லிருந்து.

அல்சூர் பெர்ல்காரன்:
செட் என்றீர்கள், இப்போது டிக்டா?

சிவாஜிநகர் செல்வி:
விண்டோஸிலிருந்து வந்த வரிகளும் கலந்த ஃபைல் என்றால், லினக்ஸில் வரி முடிவை வெட்டும் சோம்ப் போட்டாலும் சில வரிகளின் கடைசியில் கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டியிருக்கும். ஒரே ரெக்கார்ட் இரண்டாகத் தெரியும். அதை யாராவது பார்த்தீர்களா?

மடிவாளா மணி:
வரி எண்ணைச் சேர்த்துச் சார்ட் செய்து, திரும்ப எண்படி அடுக்கினால் வரிசை வந்துவிடும். சொல்லிவிட்டேன்.

அல்சூர் பெர்ல்காரன்:
அப்படியானால் முதல் சார்ட்டில் வரிசை போனது உண்மைதானே? அதைத்தான் கேட்கிறேன்.