டீசல் என்ஜின் புகைக்கரியை லேசரால் படம் பிடிக்க சிலிண்டரில் ஜன்னல் வெட்டலாமா?

தக்கலை_மெக்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எம்.இ. புராஜெக்ட்டுக்காகக் கேட்கிறேன். எங்கள் லேபில் இருப்பது ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின்: போர் 87.5 மி.மீ., ஸ்ட்ரோக் 110 மி.மீ., 1500 ஆர்.பி.எம்.மில் 5.2 கிலோவாட், மெக்கானிக்கல் பம்ப். நொடிக்கு 10 துடிப்பு (10 ஹெர்ட்ஸ்) தரும் என்டி-யாக் லேசரும் (1064, 532 நானோமீட்டர் இரண்டும் வரும்), மங்கிய ஒளியைப் பெருக்கும் இன்டென்சிஃபைடு கேமராவும் உண்டு. சாதா டீசலையும் ரப்பர் விதை எண்ணெய் பயோடீசல் கலவையையும் புகைக்கரியில் ஒப்பிட வேண்டும்; லேசர் துடிப்பால் கரித்துகளைச் சூடாக்கி, அது ஒளிர்வதைப் படம் பிடிக்கும் முறைதான் திட்டம். லைனரின் (சிலிண்டரின் உட்சுவர்) பக்கவாட்டில் குவார்ட்ஸ் ஜன்னல் வைக்கலாமா? எந்த அலைநீளம்? லேசரை என்ஜினோடு எப்படி ஒத்திசைப்பது? பின்னால் குளச்சல் மீன்பிடி வள்ளங்களின் பின்னால் மாட்டும் மண்ணெண்ணெய் என்ஜினையும் (அவுட்போர்டு) பார்க்க ஆசை.

குவார்ட்ஸ்கண்:
தம்பி, லைனரை வெட்டாதீங்க. உங்கள் என்ஜினில் எரியறை பிஸ்டன் தலையில் குழிந்த கிண்ணம். எரிபொருள் ஊசி தெளிப்பதும் தீப்பிடிப்பதும் பிஸ்டன் உச்சிக்கு வரும் மேல்நிலையை ஒட்டி அந்தக் கிண்ணத்துக்குள்தான். அந்த நேரத்தில் பக்க ஜன்னலுக்கு முன்னால் பிஸ்டனின் சுவர்தான் நிற்கும். உள்ளே பார்க்க நீட்டிய பிஸ்டன், அதன் தலையில் குவார்ட்ஸ், கீழே 45 டிகிரி கண்ணாடி என்ற பௌடிச் அமைப்பு வேண்டும். அதற்கு எண்ணெய் படாத உலர் ரிங்குகளும் தேவை. எம்.இ. காலத்துக்குள் முடிகிற வேலை இல்லை.

புகைக்குழாயிலிருந்து தொடங்குங்க. சைலன்சருக்கு முன்னால் ஒரு சதுரப் பெட்டி: எதிரெதிரே இரண்டு குவார்ட்ஸ் ஜன்னல் லேசருக்கு, செங்குத்தாக ஒன்று கேமராவுக்கு. லேசர் ஜன்னல்களை 3 முதல் 5 டிகிரி சாய்த்து வைங்க, பிரதிபலிப்பு வந்த வழியே லேசருக்குள் திரும்பக் கூடாது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவில் உலர்ந்த சுத்தக் காற்றுத் திரை விடுங்க. என்ஜின் இழுக்கும் காற்றே நிமிடத்துக்குச் சுமார் 400 லிட்டருக்கு மேல், அதனால் நீர்த்துப்போதல் சிறியது. இருந்தாலும் கணக்கில் சேருங்க.

பச்சைக்கற்றை:
அலைநீளம் 1064தான். 532 அடித்தால் புகையிலுள்ள பாலி அரோமேட்டிக் சேர்மங்களும் (பல பென்சீன் வளையங்கள் இணைந்தவை) ஒளிர்ந்து கரியின் ஒளியோடு கலந்துவிடும். பயோடீசல் கலவையில் அந்தச் சேர்மங்களின் அளவே மாறும் என்பதால், ஒப்பீடு அடிப்படையிலேயே தவறாகிவிடும்.

லேசர் ஷீட் (தாள்போல் விரித்த கற்றை) 25 மி.மீ. உயரம், 0.5 மி.மீ. தடிமன் என்று வைத்தால் பரப்பு 0.125 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 0.3 ஜூல் வேண்டும், அதாவது பெட்டிக்குள் சுமார் 38 மில்லி ஜூல். அந்த ஆற்றல் அளவில் சிக்னல் லேசர் ஆற்றலோடு அதிகம் மாறாது; ஜன்னலில் கரி படிந்து பத்து சதவீதம் குறைந்தாலும் தாங்கும். இதைவிட நிறைய ஏற்றினால் கரித்துகளே ஆவியாகும். கேமராவுக்கு 400–450 நானோமீட்டர் பில்டர், லேசர் துடிப்போடு தொடங்கும் 50 நானோசெகண்ட் கேட் (கேமரா திறந்திருக்கும் நேரம்). லேசரை மறைத்தும் ஒரு படம் எடுத்துக் கழிக்க மறக்காதீங்க.

புகைக்குழாயில் சராசரிதான் வேண்டுமென்றால் ஒத்திசைவே தேவையில்லை, லேசர் தன் 10 ஹெர்ட்ஸில் ஓடட்டும். சிலிண்டருக்குள் போகும் நாளில் என்ஜினை 1200 ஆர்.பி.எம்.மில் ஓட்டுங்க: நான்கு ஸ்ட்ரோக்கில் அது சரியாக நொடிக்கு 10 சுழற்சி. 1500 என்றால் 12.5 வரும், லேசர் ஒத்துவராது. கிராங்க் கோணத்தைக் காட்டும் என்கோடர் மட்டும் போதாது, கேம் தண்டில் ஒரு சென்சாரும் வேண்டும். இல்லையென்றால் கம்ப்ரஷன் மேல்நிலைக்குப் பதில் எக்ஸாஸ்ட் மேல்நிலையில் லேசர் அடித்துக்கொண்டிருக்கும், படம் வெறுமையாக வரும்.

முட்டம்கரை:
குவார்ட்ஸ்கண் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். சிலிண்டருக்குள் உருவாகும் கரியில் பெரும்பகுதி அங்கேயே எரிந்துபோகிறது. புகைக்குழாயில் தெரிவது மிச்சம். எனவே அங்கே கரி குறைந்தால் "பயோடீசலில் கரி குறைவாக உருவாகிறது" என்று எழுதக் கூடாது. நன்றாக எரிந்தும் போயிருக்கலாம். 1997-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் டெக், லேசர் ஷீட் படங்களைக் கொண்டு டீசல் தாரையின் உட்புறத்தை விளக்கி, கரி உருவாகும் இடத்தையும் எரியும் இடத்தையும் பிரித்துக் காட்டினார். அந்தக் கட்டுரையை முதலில் படிங்க.

இன்னொரு பொறி: பயோடீசல் அவ்வளவு எளிதில் அமுங்காது. மெக்கானிக்கல் பம்பில் ஊசி சற்று முன்னாலேயே திறக்கும். ஊசிக் குழாய் அழுத்தத்தைப் பதிவு செய்து நேரத்தைச் சரிசெய்யாவிட்டால், நீங்க ஒப்பிடுவது எரிபொருளை அல்ல, டைமிங்கை.

நம்ம ஊர்க் காற்றையும் பாருங்க. 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் என்றால் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 26 டிகிரி. ஏ.சி. அறைக் கதவைத் திறந்துவைத்து, லேசரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியை 20 டிகிரியில் ஓட்டினால் லேசர் தலைக்குள் வியர்க்கும். 532 தரும் கிறிஸ்டல் கே.டி.பி. வகையாக இருந்தால் ஈரம் குடித்து மங்கிவிடும், அதன் ஹீட்டரை அணைக்காதீங்க. பின்னாளில் சிலிண்டருக்குள் இரு நிற வெப்ப அளவீடு (இரண்டு நிறங்களின் ஒளியை ஒப்பிட்டு வெப்பநிலை காண்பது) செய்தால் 589 நானோமீட்டரைத் தவிருங்க, உப்புக்காற்றின் சோடியம் அங்கே மஞ்சளாக ஒளிரும்.

அவுட்போர்டு வேறு கதை. அதன் புகை குளிர்நீரோடு கலந்து தண்ணீருக்கடியில்தான் வெளியேறும். நீர் சேரும் முன்பே துளையிட்டு மாதிரி எடுக்கணும். டூ-ஸ்ட்ரோக்கின் வெள்ளைப் புகையில் பெரும்பாலானது எரியாத எண்ணெய்த் துளி. கரி ஒளிரும் இந்த முறையில் அது தெரியாது, ஒளிமறைப்பு அளவீட்டிலோ கரியாகவே கணக்காகும். குழாயை 190 டிகிரிக்குச் சூடாக்கிக் கொண்டுவந்தால் துளிகளில் பெரும்பங்கு ஆவியாகும். சூடாக்கியும் சூடாக்காமலும் இரண்டு அளவும் எடுத்தால் அந்த வித்தியாசமே உங்களுக்கு ஒரு நல்ல முடிவு.

தக்கலை_மெக்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. பெட்டி வரைபடத்தை இங்கேயே போடுகிறேன். கண்ணில் போடும் பாதுகாப்புக் கண்ணாடி 1064-க்கு மட்டும் போதுமா?

பச்சைக்கற்றை:
போதாது. 1064, 532 இரண்டுக்கும் ஓ.டி. 7 (ஒளியைக் கோடியில் ஒரு பங்காகக் குறைப்பது) உள்ள கண்ணாடி வாங்குங்க. 1064 கண்ணுக்கே தெரியாது, எச்சரிக்கை ஒன்றும் தராது. ஷீட்டின் உயரம் உட்கார்ந்தவர் கண்மட்டத்தில் வரவே கூடாது, மோதிரமும் வாட்சும் கழற்றிவிட்டு அறைக்குள் போங்க.