கணினி கிண்ணியாவில், மிஸ் உப்புவெளியில்: ரிமோட் டெஸ்க்டொப் காலை வாரிய கதைகள்

நான் உவர்மலையில் இருக்கிறேன். கடைகள், விருந்தினர் விடுதிகள், சில சின்ன அலுவலகங்கள் என்று திருகோணமலைப் பக்கம் கணினி வேலை பார்ப்பவன். போன கிழமை ஒரு ரிமோட் டெஸ்க்டொப் (ஓரிடத்தில் இருந்தபடியே வேறிடத்துக் கணினிக்குள் போய் வேலை செய்யும் வசதி) கோளாறுக்காகக் கிண்ணியா வரை மோட்டார் சைக்கிளில் ஓட வேண்டி வந்தது. திரும்பி வரும்போது கணக்குப் பார்த்தேன். இதே மாதிரி எத்தனையோ தரம் ஓடியிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் காரணம் வேறு, திரையில் வந்த செய்தி மட்டும் ஒன்றுதான். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

கிண்ணியாவில் கட்டடப் பொருள் விற்கும் கடை. கணக்கு எழுதும் மிஸ் உப்புவெளியில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். ரவுட்டரில் விபிஎன் (இணையத்துக்குள்ளால் போகும் பூட்டிய தனி வழி) போட்டு, அதன் வழியாகக் கடைக் கணினிக்குள் போகும்படி செய்து கொடுத்திருந்தேன். ஒன்றரை வருடம் ஒரு சத்தமும் இல்லை. அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு மிஸ் போன் எடுத்தார். "தம்பி, உள்ளுக்குப் போகேலாமல் கிடக்கு."

அந்தச் செய்திப் பெட்டியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ரிமோட் அனுமதி போடப்படாமல் இருக்கலாம், அல்லது அந்தக் கணினி நிறுத்தப்பட்டிருக்கலாம், அல்லது வலையமைப்பில் அது கிடைக்காமல் இருக்கலாம் என்று மூன்று காரணம் சொல்லும். சாத்திரி சொல்வது போலத்தான். மூன்றில் ஒன்று பலிக்காமல் போகாது.

கடைப் பொடியனுக்கு எடுத்தேன். "கொம்பியூட்டர் ஓனில்தான் இருக்கு அண்ணன், நான் இப்ப பில் அடிச்சேன்" என்றான். சரி, விபிஎன்னில் ஏறி, கடைக் கணினியின் ஐபி முகவரியான 192.168.1.14க்கு பிங் அடித்தேன், அதாவது அங்கே ஆள் இருக்கிறதா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் வந்தது! ஒன்றுகூடத் தவறவில்லை. அப்படியானால் கணினி உயிரோடு இருக்கிறது, வலையமைப்பும் சரி, ரிமோட் சேவை மட்டும்தான் விழுந்து கிடக்கிறது என்று முடிவு கட்டினேன். பவர்ஷெல் கட்டளைத் திரையில், ரிமோட் டெஸ்க்டொப்பின் வாசலான 3389 போர்ட்டைச் சோதித்தால் மூடியிருக்கிறது என்கிறது. பொடியனைப் போனில் வைத்துக்கொண்டே சேவையை மறுபடி தொடங்கச் செய்தேன், ஃபயர்வாலைப் பார்க்கச் செய்தேன், கணினியை இரண்டு தரம் அணைத்துப் போடச் செய்தேன். முக்கால் மணித்தியாலம் போனது. ஒன்றுமில்லை.

கடைசியில் சீனக்குடா தாண்டி, கிண்ணியாப் பாலத்தால் போய்ச் சேர்ந்தேன். (2009இல் பாலம் திறக்கும் வரை அந்த இடத்தில் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டும். அந்தக் காலத்தில் இந்த வேலை பார்த்தவர்களை நினைத்துக்கொண்டேன்.) கடைக் கணினியின் முன்னால் குந்தி, அதன் முகவரியைக் காட்டும் ஐபிகான்பிக் கட்டளையை அடித்தேன். 192.168.1.17.

அப்படியானால் எனக்கு இவ்வளவு நேரம் பதில் சொன்ன .14 யார்? சுவரில் மாட்டியிருந்த சிசிடிவி பெட்டி.

முதல் நாள் இரவு கரண்ட் போய் வந்திருக்கிறது. யாருக்கு எந்த எண் கொடுத்தது என்ற பழைய பட்டியலை ரவுட்டர் மறந்துவிட்டது. கரண்ட் வந்ததும் தானாக எழும்பியது கமரா பெட்டிதான், .14 அதன் கைக்குப் போய்விட்டது. காலையில் பொடியன் வந்து கணினியைப் போட்டபோது அதற்கு வேறு எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. ரவுட்டரில் கணினியின் மெக் முகவரிக்கு (கணினியோடு கூடவே வரும் அடையாள எண்) .14ஐ நிரந்தரமாக ஒதுக்கி, கமரா பெட்டியையும் கணினியையும் மறுபடி போட்டேன். ஐந்து நிமிட வேலை. இதை முதல் நாளே செய்யாமல் விட்டது முழுக்க என் பிழை. பிங்குக்குப் பதில் வந்தால் அந்த எண்ணில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அது நம் கணினியா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பொடியனிடம் ஐபிகான்பிக் அடித்து வாசிக்கச் சொல்லியிருந்தால் பெட்ரோல் மிச்சம்.

திருகோணமலை நகரம், கணக்காளர்

என் கதையில் பிழை அந்தப் பக்கம் இல்லை, என் வீட்டில். ஆனால் அது தெரிவதற்குள் கொழும்புத் தலைமை அலுவலகத்தோடு சண்டையே பிடித்துவிட்டேன்.

மார்கழி மாதம். மழையும் இடியுமாக இருந்ததால் ஒவ்வொரு இரவும் கணினியைச் சுவர் சுவிட்சிலேயே நிற்பாட்டிவிட்டுப் படுப்பேன். ஒருநாள் காலையில் அலுவலக சேர்வருக்குப் போகவில்லை. ஏதோ நீளமான செய்தி வந்தது. வாசிக்காமலே மூடினேன். இரண்டாம் தரமும் அப்படியே. ஐடி பிரிவில் இருந்த தம்பிக்கு எடுத்து, "உங்கட சேர்வர் திரும்பவும் விழுந்திட்டுது" என்றேன். "இல்லை அக்கா, மற்ற எல்லாரும் உள்ளுக்குத்தான் இருக்கினம்" என்றான். நான் விடவில்லை. கடைசியில், "அந்தச் செய்தியை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ" என்று கேட்டான். வாசித்தேன். இரண்டு கணினிகளுக்கும் இடையில் நேரமோ திகதியோ வித்தியாசப்படுகிறது என்று அதில் எழுதியே இருந்தது. திரையின் மூலையைப் பார்த்தால் 2012, ஜனவரி முதலாம் திகதி!

மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான பட்டரி செத்திருக்கிறது. சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரை மணிக்கூடு எப்படியோ ஓடியிருக்கிறது. இரவில் முழுதாக நிற்பாட்டத் தொடங்கியதும் தினமும் பழைய காலத்துக்குப் போய்விட்டது. அலுவலகக் கணினிகளை ஒன்றாக நிர்வகிக்கும் டொமைனில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே உள்ளே விடாதாம். நான் வருடக்கணக்கில் பின்னால் நின்றேன்.

அந்தப் பட்டரி, சிஆர்2032, மணிக்கூடு திருத்தும் கடையிலேயே கிடைத்தது. கடைக்காரர் ஐயா கண்ணில் பூதக்கண்ணாடியைப் போட்டபடி, "எந்த மணிக்கூட்டுக்கு பிள்ளை?" என்று கேட்டார். கொம்பியூட்டருக்கு என்றேன். "அதுக்குள்ளயும் மணிக்கூடு இருக்கோ?" என்று சிரித்தார். தம்பிக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் போட்டேன்.

நிலாவெளி, விடுதி நடத்துபவர்

நம்முடையது சின்னக் கதை. அறைப் பதிவு பார்க்கப் புது லப்டொப் வாங்கினோம். பழையதற்குள் வீட்டிலிருந்து போக முடிந்தது, புதியதற்குள் முடியவில்லை. இரண்டு நாள் ரவுட்டரைத் திட்டினேன். அதில் இருந்தது விண்டோஸ் ஹோம். ஹோமிலிருந்து வேறு கணினிக்குள் போகலாம், ஹோமுக்குள் ரிமோட் டெஸ்க்டொப்பால் யாரும் வர முடியாது. செட்டிங்ஸில் அந்தப் பக்கத்தைத் திறந்தாலே எழுதி வைத்திருக்கிறான். புரோவுக்கு மாற்றினேன், அவ்வளவுதான்.

உவர்மலை (முதலில் எழுதியவன்)

நிலாவெளி அண்ணா, புரோவுக்கு மாறிய பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. லப்டொப்பை நான்கு இலக்கப் பின் நம்பரால் திறந்து பழகியவர்கள், ரிமோட்டிலும் அதையே அடித்துவிட்டுப் பாஸ்வேர்ட் பிழை என்கிறது என்று எனக்கு எடுப்பார்கள். பின் அந்த ஒரு மெஷினுக்கு முன்னால் குந்தி அடிப்பதற்கு மட்டும். வெளியிலிருந்து வரும்போது மைக்ரோசொப்ட் கணக்கின் உண்மையான பாஸ்வேர்ட்தான் வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்காக இருந்தால் சும்மாவே உள்ளே விடாது. அது நல்லதுக்குத்தான்.

வெள்ளவத்தையிலிருந்து, ஊர் திருகோணமலை

இது ஒரு புதிர் மாதிரி. அப்பாவின் அலுவலகம் ஊரில், என்.சி. வீதியில். நான் கொழும்பிலிருந்து விபிஎன் போட்டு அதற்குள் போவேன். தெஹிவளையில் அண்ணா வீட்டு வைபையில் போகும், போன் டேட்டாவில் போகும், என் வீட்டு வைபையில் மட்டும் போகாது. விபிஎன் இணைந்துவிட்டது என்று பச்சை காட்டும், கணினி மட்டும் கிடைக்காது. என் இணைய நிறுவனம் தடுக்கிறது என்று நினைத்து அவர்களுக்கு எத்தனை அழைப்பு எடுத்தேன் தெரியுமா?

அப்பாவின் அலுவலகமும் 192.168.1 வரிசை, என் வீடும் 192.168.1 வரிசை. 192.168.1.20க்குப் போ என்று நான் சொன்னால் என் லப்டொப் அதை வீட்டுக்குள்ளேயே தேடும். ஒரே பெயரில் இரண்டு தெரு இருந்தால் தபால்காரர் பக்கத்துத் தெருவுக்குத்தானே முதலில் போவார்? அண்ணா வீட்டு ரவுட்டர் 192.168.8 வரிசை, அதனால் அங்கே குழப்பம் இல்லை. என் ரவுட்டரை 192.168.77 ஆக மாற்றினேன். அன்றைக்கே தீர்ந்தது. ரவுட்டர் பெட்டியிலிருந்து வந்தபடியே இருந்தால் பாதி ஊருக்கு ஒரே வரிசைதான்.

மூதூர், பெயர் வேண்டாமே

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்கிறேன், யாராவது தப்பட்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதும் முதலாளி, "நாளைக்கு விடிய எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்ய வேணும்" என்றார். விபிஎன் போட எனக்கு அப்போது தெரியாது. ரவுட்டரில் 3389ஐ வெளியே திறந்து அலுவலகக் கணினிக்குத் திருப்பிவிட்டேன். வேலை செய்தது. எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள்.

சில நாட்களில் ஆட்களுக்கு உள்ளே போக முடியவில்லை. கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்று வந்தது. திறந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் பூட்டு. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன். 4625, 4625, 4625 என்று நிமிடத்துக்கு நிமிடம் தோல்வியடைந்த நுழைவுகள். அட்மினிஸ்ட்ரேட்டர், டெஸ்ட், யூசர் என்று நாம் பாவிக்காத பெயர்களும், நடுவில் நம் ஆட்களின் பெயர்களும். எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் நம் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் செய்த அடுத்த கெட்டித்தனம், போர்ட்டை 3390 ஆக மாற்றியது. கொஞ்ச நாள் அமைதி. பிறகு அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகுதான் எல்லாவற்றையும் மூடி விபிஎன் கற்றுக்கொண்டேன். கோப்பு ஒன்றும் பறிபோகாதது என் அம்மா கும்பிட்ட புண்ணியம்.

பிற்பாடு 4ஜி ரவுட்டருக்கு மாறிய நண்பர் ஒருவர் இதே போர்ட் வித்தையைச் செய்யப் போய், எப்படித் திறந்தாலும் வேலை செய்யவில்லை என்று என்னிடம் வந்தார். அவருடைய ரவுட்டரின் வெளி முகவரியே 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருந்தது. அது நிறுவனம் பல பேருக்குப் பொதுவாகப் பகிர்ந்து கொடுக்கும் உள் முகவரி, வெளியிலிருந்து அதற்குள் வர வழியே இல்லை. உனக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லி அனுப்பினேன்.

உவர்மலை

மூதூர் நண்பா, இதற்கு ஒரு வருடம் முன்புதான், 2019 மே மாதம், ரிமோட் டெஸ்க்டொப்பில் இருந்த புளூகீப் ஓட்டைக்கு மைக்ரோசொப்ட் அவசரத் திருத்தம் விட்டது. பாஸ்வேர்டே தெரியாமல் உள்ளே வரக்கூடிய ஓட்டை. கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூடத் திருத்தம் கொடுத்தார்கள் என்றால் எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று பாருங்கள்.

திருகோணமலைக் கோட்டைப் பக்கம், அலுவலக உதவியாளர்

எங்களுக்கு இணைப்பு கிடைக்கும், ஆனால் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருதரம் அறுந்து மீண்டும் வரும். சொப்ட்வேர் என்று மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான்காவதாக வந்தவர் கணினியைத் தொடவே இல்லை. பின்னால் குனிந்து நெட்வேர்க் கேபிளைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முனையில் இருக்கும் எட்டுப் பொன் கம்பிகளில் இரண்டு பச்சை பிடித்திருந்தன. ஜன்னலுக்கு வெளியே கடல். உப்புக் காற்று நாள் முழுக்க அந்த மேசையில்தான் விழுகிறது. முனையை வெட்டிப் புதிதாக அடித்தார், மேசையையும் சுவர்ப் பக்கம் தள்ளி வைத்தார். அன்றைக்குக் கேற் வாசலில் மூன்று மான் படுத்திருந்ததால் அவர் வெளியே போகக் கால் மணித்தியாலம் ஆனது வேறு கதை.

உவர்மலை

உப்புக் காற்றை நான் யோசித்ததே இல்லை. டச்சுக் குடாப் பக்கம் எனக்கு ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார், நாளைக்கே கேபிளைக் கழற்றிப் பார்க்கிறேன்.

கிண்ணியாக் கதைக்கு ஒரு பின்னிணைப்பு. ஐபி சரியான மறுநாளே மிஸ் திரும்பவும் எடுத்தார். இந்த முறை உள்ளே போக முடிகிறது, ஆனால் பாதி வேலையில் தள்ளி வெளியே விடுகிறது என்றார். அதற்குக் கேபிளும் இல்லை, ரவுட்டரும் இல்லை. சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான். பொடியன் பில் அடிக்கக் கணினியைத் திறந்தால் மிஸ் வெளியே. மிஸ் மறுபடி உள்ளே வந்தால் பொடியனின் திரை பூட்டிக்கொள்ளும். இரண்டு பேரும் காலை முழுக்க ஒருவரையொருவர் தெரியாமல் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பில் அடிக்க முதலாளியின் பழைய லப்டொப்பைக் கொடுக்கச் சொன்னேன்.

நேற்று வேறு அலுவலாக அந்தப் பக்கம் போனபோது கடைக்குள் எட்டிப் பார்த்தேன். மொனிட்டரில் சிமெந்துப் பையிலிருந்து கிழித்த தாள் ஒட்டியிருந்தது. மேலே நான் சொல்லிக் கொடுத்தபடி 192.168.1.14 என்று பெரிதாக. கீழே பொடியனின் கையெழுத்தில்: "மிஸ் உள்ளுக்கு இருக்கிறாங்க. ஓப் பண்ணாதீங்க."