பட்டுப் புடவை ஜரிகை கறுத்துவிட்டது, அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

மல்லிகைச்சரம்:
போன வைகாசியில் என் கல்யாணத்துக்கு எடுத்த முகூர்த்தப் புடவை. பில்லில் அசல் ஜரிகை என்றே எழுதியிருக்கிறது, அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். நேற்று பீரோவிலிருந்து எடுத்துப் பிரித்தால் மடிப்பெல்லாம் கறுத்துப் போயிருக்கிறது. பழைய பட்டு வாங்குகிறவரிடம் காட்டினேன், முந்தியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு "இதுல வெள்ளி இல்லம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் சில்க் மார்க் அட்டை இருக்கிறதே, அப்புறம் எப்படி?

தறிவீட்டுப் பையன்:
அக்கா, சில்க் மார்க் பட்டு நூலுக்கு மட்டும்தான், ஜரிகைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பட்டு சுத்தமாக இருக்கும், ஜரிகை செம்பாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கும், இரண்டையும் சேர்த்து அசல் விலைக்கு விற்றுவிடுகிறார்கள். அசல் ஜரிகை என்றால் சிவப்புச் சாயம் போட்ட பட்டு நூல் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, கடைசியாகத் தங்க முலாம் பூசுவார்கள். கூட்டுறவுச் சங்கக் கணக்கில் வெள்ளி 40 சதவீதம், தங்கம் வெறும் அரை சதவீதம். முந்தி முடிகிற இடத்தில் தொங்கும் இழை ஒன்றை எடுத்து, மேலே சுற்றியிருப்பதை உரித்துப் பாருங்கள், உள்ளே வெள்ளை நூல் இருந்தால் அது போலி. எங்கள் வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் கோத்து நெய்கிற ஒரு கோர்வைப் புடவைக்கு இரண்டு வாரம் தறியில் உட்காருவார்கள், இப்படி ஏமாந்தவர்கள் மறுபடி கைத்தறிப் பக்கம் வருவார்களா? வயிறு எரிகிறது.

காஞ்சி மாமி:
கறுத்ததை மட்டும் வைத்து முடிவு பண்ணாதேம்மா, செண்ட் பட்டால் நல்ல வெள்ளியே கறுக்கும். சிவப்பு நூலையும் நம்ப முடியாது, இப்போது போலியிலும் சிவப்பு நூல்தான் வைக்கிறார்கள். நகையின் மாற்றுப் பார்க்கிற எக்ஸ்ஆர்எஃப் மெஷினிலேயே ஜரிகையையும் பார்க்கலாம், காஞ்சிபுரத்தில் அந்த வசதி இருக்கிறது. எழுத்தில் முடிவு வாங்கிக்கொள்.

ரமேஷ்:
பில்லைப் பத்திரமாக வையுங்கள், அதில் 'அசல் ஜரிகை' என்று இருப்பதுதான் உங்கள் பலம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

மல்லிகைச்சரம்:
தம்பி சொன்ன மாதிரி இழையை உரித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. சனிக்கிழமை காஞ்சிபுரம் போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.