நீதிபதியைப் பற்றிப் படித்துக்கொண்டு போய் இன்டர்வியூவில் மாட்டியவர்கள் உண்டா?

காலாப்பட்டு ஹாஸ்டல்:
மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் அந்த ஒரு வரி தூக்கத்தில் வந்து நிற்கிறது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரிடம் லா கிளார்க் இன்டர்வியூ, அதாவது அவருக்குத் தீர்ப்பு தேடி, குறிப்பு எழுதித் தரும் உதவியாளர் வேலை. தேதி வந்த அன்றே இண்டியன் கானூன் என்ற தீர்ப்புத் தேடல் தளத்தில் அவர் பெயரைப் போட்டு, மொட்டை மாடியில் உட்கார்ந்து நாற்பது தீர்ப்பு படித்தேன். அதில் ஒன்று நில ஆர்ஜித வழக்கு, இரண்டு நீதிபதி அமர்வு. ஒரு பத்தியை அப்படியே நெட்டுருப் போட்டுவிட்டேன். ஈசிஆர் பஸ்ஸில் சென்னை போய்ச் சேரும்வரை வாய் அதையே முணுமுணுத்தது.

“என் தீர்ப்பு ஏதாவது படிச்சீங்களா?” என்றார். இதற்குத்தானே காத்திருந்தேன், ஒப்பித்தேன். கடைசி வார்த்தை வரை பொறுமையாகக் கேட்டார். “நல்ல பத்தி. ஆனா அதை எழுதினது என் பிரதர். முதல் பக்கத்துல ஜட்ஜ்மென்ட்னு போட்டு, அதுக்குக் கீழே அடைப்புக்குறியில ஒரு வரி இருக்குமே, பார்க்கலையா தம்பி?”

பார்க்கவில்லை. பிரதர் என்றால் அமர்வில் கூட உட்கார்ந்த இன்னொரு நீதிபதி. தீர்ப்பை எழுதியவர் யார் என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கும். நான் நேராக 14-ஆம் பத்திக்குப் போயிருக்கிறேன். மாப்பிள்ளையை விட்டுவிட்டு மாப்பிள்ளைத் தோழனுக்கு மாலை போட்ட கதை.

விருத்தாசலம் பொண்ணு:
என்னுடையது தலைகீழ். நான் அவரைத் தோண்டிக்கொண்டிருந்தேன், அவர் என் பயோடேட்டாவைத் தோண்டிவிட்டார். “விருத்தாசலமா? கம்மாபுரம் எவ்வளவு தூரம்மா?” சும்மா பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, “அரை மணி நேரம்தான் மை லார்ட்” என்றேன். “அங்கே 1993-ல என்ன நடந்தது?”

ராஜாக்கண்ணு வழக்கு. போலீஸ் காவலில் செத்தவரைத் தப்பி ஓடிவிட்டார் என்று சொன்னது, ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி மனைவி உயர் நீதிமன்றத்தில் ஹேபியஸ் கார்பஸ் போட்டது, எல்லாம் கதையாகத் தெரியும். எங்கள் பக்கம் யாருக்குத் தெரியாது? “சரி, 2006-ல ஹைகோர்ட் எதை மாத்துச்சு?” என்றார். கீழ்க் கோர்ட் விடுவித்த போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கொடுத்த தீர்ப்பு அது. இன்றைக்கு மூச்சுவிடாமல் சொல்வேன், அன்றைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மேஜையில் மூடி வைத்த டம்ளர் ஒன்று இருந்தது. மூடியை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டேன். கீழே வைக்கும்போதுதான் தெரிந்தது, அது அவருடைய தண்ணீர்.

மஞ்சக்குப்பம் வக்கீல்:
நாங்கள் வந்த காலத்தில் லா கிளார்க் எல்லாம் ஏது? உள்ளே போகுமுன் டவாலியிடம் “ஐயா இன்னைக்கு எப்படி?” என்று கேட்டுக்கொள்வோம். அவர் உதட்டைப் பிதுக்கினால் வாய்தா வாங்கிவிடுவோம். என் அனுபவம் அவ்வளவுதான். இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் ரோஸ்டர். யாருக்கு எந்த வகை வழக்கு என்று தலைமை நீதிபதி பிரித்துக் கொடுப்பார், சில மாதத்துக்கு ஒருமுறை மாறும். நீ வரி வழக்காகப் படித்துக்கொண்டு போவாய், அவர் போன வாரம்தான் கிரிமினல் அப்பீலுக்கு மாறியிருப்பார், இல்லை மதுரைக் கிளையில் உட்கார்ந்திருப்பார். ஒரு வாரம் விடாமல் காஸ் லிஸ்ட், அதாவது அன்றன்றைய வழக்குப் பட்டியல் பார். அப்புறம், மெச்சப்போகிற தீர்ப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார். தனி நீதிபதி கொடுத்தது என்றால் இரண்டு நீதிபதி அமர்வுக்கு ரிட் அப்பீல் போயிருக்கலாம், டெல்லியில் உச்ச நீதிமன்றத்தில் எஸ்எல்பி என்ற சிறப்பு அனுமதி மனு போட்டிருக்கலாம். ரத்தான தீர்ப்பை அவரிடமே ஆஹா என்றால் புண்ணில் விரல் விட்ட மாதிரி. இ-கோர்ட்ஸ் தளத்தில் நீதிபதி பெயரைப் போட்டே தேடலாம், காசு கிடையாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு 2023-லிருந்து இ-எஸ்சிஆர் என்ற தளம் இருக்கிறது. இத்தனை வசதி எங்களுக்கு இருந்ததா? புதுச்சேரிப் பிள்ளைகள் ரெனோன்சான், அதாவது பிரெஞ்சு ஆட்சியில் தங்கள் சொந்தத் தனிச் சட்டத்தைத் துறந்தவர்கள் விஷயத்தையும் ஒரு புரட்டு புரட்டுங்கள். 1881 ஆணை என்ன சொன்னது, யாருக்கு பிரெஞ்சு சிவில் சட்டம் பொருந்தும் என்று கேட்டுவிட்டால் முழிக்கக் கூடாது. கடைசியாக, அவர் பதவியேற்றபோது அட்வகேட் ஜெனரல் பேசிய வரவேற்புரையைத் தேடிப் படி. எந்த ஊர், எந்தக் காலேஜ், யாரிடம் ஜூனியர், எல்லாம் அதில் வரும். பேச்சோடு பேச்சாக லேசாக நுழைத்துவிடு.

முத்தியால்பேட்டை:
சார், அந்தக் கடைசி வரியை மட்டும் அழித்துவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். நான் அதைத்தான் செய்தேன். என் அப்பா பள்ளி ஆசிரியர் என்று பேச்சு வந்தது. “மை லார்டோட அப்பாவும் வாத்தியார்னு வரவேற்புரையில படிச்சேன்” என்றேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி. எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். பேனா மூடியை எடுத்து டக்கென்று மூடினார். “அவர் போய் ஆறு மாசம் ஆச்சு.”

பக்கத்தில் இருந்த பிஏ தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், ஒன்றும் நினைவில்லை, அந்த ‘டக்’ மட்டும் காதில் இருக்கிறது. உரை நான்கு வருஷம் பழசு என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ரோஸ்டர், எஸ்எல்பி எல்லாம் சரி சார். வீட்டு விஷயம் எதற்கு?

மஞ்சக்குப்பம் வக்கீல்:
ஊர், காலேஜ், சீனியர் என்றுதான் எழுதினேன். அப்பாவைச் சொல்லச் சொன்னேனா? ‘லேசாக’ என்றும் போட்டிருக்கிறேன், திரும்பப் படியம்மா.

காலாப்பட்டு ஹாஸ்டல்:
சண்டை வேண்டாம். விருத்தாசலம் அக்கா, தண்ணீரைக் குடித்ததற்கு என்ன சொன்னார்? வேலை கிடைத்ததா இல்லையா?

விருத்தாசலம் பொண்ணு:
டவாலியைக் கூப்பிட்டு “இன்னொரு டம்ளர் கொண்டாங்க” என்றார், அவ்வளவுதான். கிடைத்தது. முதல் வாரம் ஒரு செகண்ட் அப்பீலின் டைப்டு செட்டை, அதாவது தட்டச்சு செய்த வழக்குக் கட்டைக் கொடுத்து இரண்டு பக்கத்தில் குறிப்பு கேட்டார். நான் ஏழு பக்கம் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்திலிருந்து கிழித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.